பிப்ரவரி என்று எழுதிய கேசட்

என் சின்னம்மா மகள் ஃபிடாலியா தன் வாழ்நாளில் ஒரே ஒரு பொய்தான் எழுதினாள். அதுவும் ஒரு மாதத்தின் பெயர். ஒரு கேசட்டின் முதுகில் ‘பிப்ரவரி 1986’ என்று எழுதினாள். எழுதியிருக்க வேண்டியது ஜூலை.

இதெல்லாம் ஒரு பொய்யா என்று ஷில்லாங்குக்கு வெளியே இருப்பவர்கள் கேட்கலாம். அந்த இரண்டு மாதங்களுக்கும் நடுவில் ஏப்ரலில் ஒரு கல்யாணம் நடந்தது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ஆண்பிள்ளை உண்டாக்கியது எதுவானாலும் அவன் அம்மா வீட்டுக்குச் சேரும். கல்யாணத்துக்குப் பிறகு உண்டாக்கியது பெண்டாட்டி வீட்டுக்குச் சேரும். மேகாலயா மலைக்காரர்களான எங்கள் காசி சனத்தில் இதற்கு வக்கீல் வேண்டாம், பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஆகவே அந்தக் கேசட் பிப்ரவரியில் பதிந்தது என்றால் ஃபிடாலியாவுடையது. ஜூலையில் பதிந்தது என்றால் அவள் அண்ணன் பெண்டாட்டி லசுபோனுடையது. அதில் இருந்தது அண்ணன் டொன்போரின் குரல். அவன் கடவுள் வீட்டில் வெற்றிலை போடப் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது.

என் அம்மாவும் ஃபிடாலியாவின் அம்மாவும் ஒரு வயிற்றுப் பெண்கள். எங்கள் குலம் கார்ஸிந்தியூ. நான் ஹென்லி, ஃபிடாலியாவுக்கு ‘பா’, அதாவது அண்ணன். சின்னம்மாவுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவள் நொங்ஸ்தோய்ன் பக்கம் போய்த் தனி வீடு கட்டிக்கொண்டாள். நடுவில் டொன்போர். கடைசியில் ஃபிடாலியா, 1957-ல் ஆலங்கட்டி மழை பெய்து எங்கள் பேரிக்காய் எல்லாம் உதிர்ந்த வருஷம் பிறந்தவள். கடைக்குட்டிப் பெண் என்பதால் ஷில்லாங்கின் ஜயாவுப் பேட்டையில் உள்ள வீடும், அம்மாவின் அடுப்பும், செத்தவர்களுக்குச் செய்ய வேண்டியதும், உயிரோடு இருப்பவர்களின் சண்டையும் அவள் தலையில் விழுந்தன. அவள் அதைச் சுமை என்று சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் வீட்டை விட்டு ஒரு கரண்டி வெளியே போனாலும் அவளுக்குத் தூக்கம் வராது.

இருபத்திரண்டு வயதில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சேர்ந்தாள். காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு, பலகையில் வயரைச் செருகி, “பேசுங்க” என்று சொல்கிற வேலை. குரலைக் கேட்டே ஆள் எந்தப் பேட்டை, யார் வீட்டு மருமகன், மனைவியோடு சண்டையா இல்லையா என்று சொல்லிவிடுவாள். அங்கே ஒவ்வொரு அழைப்புக்கும் நேரம் குறிக்க வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஊறுகாய் பாட்டிலில் தேதி, அரிசி டப்பாவில் தேதி. அவள் புருஷன் கிட்போக் தச்சு வேலை செய்பவன், வாய் அதிகம் இல்லாதவன். “ஒரு நாள் தூங்கி எந்திரிச்சா என் நெத்தியில தேதி இருக்கும்” என்பான்.

டொன்போர் பாடுவான், கிட்டார் வாசிப்பான். அவனும் வெல்பர்த்தும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து ராக் பாட்டுக் குழு ஒன்று வைத்திருந்தார்கள். பெயர் ‘வெட் மேட்சஸ்’. மழைக்காலத்தில் எங்கள் ஊரில் எந்தத் தீப்பெட்டியும் பற்றாது, அதை வைத்துச் சூட்டிய பெயர். வெல்பர்த் டிரம்ஸ் வாசிப்பவன். ஃபிடாலியா வீட்டு முன்னறைதான் ஒத்திகைக் கூடம். சுவருக்கு அந்தப் பக்கம் சின்னம்மா கருவாடு சுட்டுக்கொண்டிருப்பார். ஃபிடாலியா வேலை முடிந்து வந்து, அலமாரி மேல் போர்வையை மடித்துப் போட்டு, அதன் மேல் டேப் ரிக்கார்டரை வைத்து, பொத்தானை அமுக்குவாள். முடிந்ததும் தேதி எழுதி அடுக்குவாள். ஒருத்தரும் அவளிடம் செய்யச் சொன்னதில்லை.

அவர்களை வாத்தியங்களோடு ஏற்றிப் போன ஜீப் என்னுடையது. லைதும்க்ரா மேட்டில் அது இரண்டாம் கியருக்கு மேல் போகாது. அதனால் அவர்களுடைய முதல் கேசட்டுக்கு ‘செகண்ட் கியர்’ என்று பெயர் வைத்தார்கள். எட்டுப் பாட்டு, எட்டும் ஆங்கிலம். 1985 அக்டோபரில் வந்தது. கொஹிமா, ஐஸ்வால் வரைக்கும் போனது. எனக்கு மூன்றாம் வகுப்புக்கு மேல் படிப்பில்லை, அந்த வார்த்தைகள் பாதி புரியாது. இருந்தாலும் எட்டையும் மனப்பாடமாகப் பாடுவேன். இன்றைக்கும் கிட்டாரைத் தொடுகிற எந்தப் பிள்ளையும் முதலில் அதில் ஒன்றைத்தான் வாசித்துப் பார்க்கிறது.

மறு வருஷம் ஏப்ரலில், ஈஸ்டர் முடிந்து, டொன்போருக்கும் மவ்லாயைச் சேர்ந்த லசுபோனுக்கும் கல்யாணம். லசுபோனும் அவள் வீட்டில் கடைக்குட்டி. ஆகவே இவன்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே குடிபோனான். ஒரு பிள்ளை பிறக்கும் வரை மாமியார் வீட்டில் மருமகன் பிறர் பிள்ளைதான். எங்கே உட்காருவது, குரலை எவ்வளவு உயர்த்துவது என்று ஒன்றும் பிடிபடாது. டொன்போர் வாரம் மூன்று நாள் ஜயாவுக்கு வந்து அம்மா கையால் தின்றுவிட்டு, மவ்லாய் போய் இன்னொரு முறை தின்பான். அந்த வருஷம்தான் அவனுக்குத் தொப்பை விழுந்தது.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை. ஒத்திகை என்று பேச்சு, ஆனால் அப்படிப்பட்ட மழை, டொன்போரைத் தவிர ஒருத்தரும் வரவில்லை. வந்தவன் துணி பிழிந்து போட்டுக்கொண்டு, “பொத்தானை அமுக்கு ஃபிடா” என்றான். கிட்டாரை எடுத்து ஒரு பாட்டுப் பாடினான். எங்கள் மொழியில் பாடினான். அதற்கு முன்னும் பின்னும் அவன் காசி மொழியில் பாடியது கிடையாது.

பிறர் வீட்டு அடுப்பே,
என் பெயரைக் கற்றுக்கொள்.
விறகு நான் பிளந்தது,
புகை என் கண்ணுக்கும் வருகிறது,
என் பெயரைக் கற்றுக்கொள்.

இப்படிப் போகும் அது. பாடி முடித்து, சாப்பிட்டு, மழையிலேயே திரும்பிப் போனான். ஃபிடாலியா அந்தக் கேசட்டில் தேதி எழுதவில்லை. அவள் வீட்டில் தேதி இல்லாத ஒரே பொருள் அதுதான். அண்ணன் இன்னொரு அடுப்பைக் கெஞ்சுகிறான். அதைத் தன் அம்மாவின் அடுப்புக்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்து கெஞ்சுகிறான். அவளுக்கு அது பொறுக்கவில்லை. துணிகளுக்கு அடியில் போட்டு வைத்தாள். அவனும் பிறகு கேட்கவில்லை. அடுத்த ஜனவரியில் மகள் பிறந்தாள். 1988-ல் குழு கலைந்தது. டொன்போர் அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கப் போனான்.

2014-ல் அவன் இறந்தபோது பொருள் பிரிக்க வேண்டி வந்தது. குலத்தில் மூத்த ஆண் என்று என்னை உட்கார வைத்தார்கள். பழைய கிட்டார் கல்யாணத்துக்கு முன் வாங்கியது, ஜயாவுக்கு. ஒலிபெருக்கி பிறகு வாங்கியது, மவ்லாய்க்கு. கேசட்டுகள் சுலபம், தேதி இருந்தது. நான் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தேன். நாற்பத்தொன்று இங்கே, ஒன்பது அங்கே. பிப்ரவரி 1986 என்று ஒன்று வந்தது. மற்றவற்றில் மை மங்கியிருந்தது, அதில் மட்டும் கறுப்பாக இருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டு ஜயாவுக் குவியலில் வைத்தேன். லசுபோன், “சரி” என்று ஒரு சொல்தான் சொன்னாள்.

போன வருஷக் கடைசியில் கொல்கத்தாவிலிருந்து சௌவிக் என்று ஒருத்தர் வந்தார். பழைய பாட்டுகளைத் தேடிப் பிடித்து இசைத்தட்டாகப் போடுகிறவர். ‘செகண்ட் கியர்’ வந்து நாற்பது வருஷம் ஆவதால், அதைத் துடைத்துப் பளபளவென்று மறுபடி வெளியிட வேண்டுமாம். ஒரு தட்டில் அந்த எட்டுப் பாட்டு. இன்னொரு தட்டில் இதுவரை யாரும் கேட்காத ஒத்திகைப் பாட்டுகள். கூடவே படம் போட்ட ஒரு சின்னப் புத்தகம்.

“டொன்போர் சாருக்காக யாரு கையெழுத்துப் போடணும்?” என்று என்னிடம் கேட்டார்.

“முதல் தட்டுக்கு தங்கச்சி. ரெண்டாவது தட்டுக்கு, பாட்டைப் பார்த்துதான் சொல்லணும். சிலதுக்கு தங்கச்சி, சிலதுக்கு சம்சாரம்.”

“ஒரே ஆள் பாடினதுதானே சார்?”

“பாடின வாய் ஒண்ணுதாங்க. அது சாப்பிட்ட வீடு ரெண்டு.”

அவர் குறித்துக்கொண்டார். நல்ல மனுஷர், புரியாததையும் குறித்துக்கொள்வார். இரண்டு வீட்டுக் கேசட்டுகளையும் வாங்கிப் போய்க் கணினியில் ஏற்றினார். ஃபிடாலியா நாற்பத்தொன்றையும் கொடுத்தாள், பிப்ரவரிக் கேசட் உட்பட. ஏன் கொடுத்தாய் என்று பின்னால் கேட்டேன். “அவன் நம்ம பாஷையில பாடினது அது ஒண்ணுதானே பா. நான் செத்தா அதை யாரு கேப்பாங்க? தட்டுல வரட்டும், நம்ம வீட்டுப் பேருல வரட்டும்னு நினைச்சேன்” என்றாள். அதில் ஆபத்து இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. பல முறை போட்டுக் கேட்டிருக்கிறாள். அதில் அண்ணன் குரலும் கிட்டாரும்தான் அவள் காதில் விழுந்தன.

இந்த மார்ச்சில் சௌவிக் திரும்பி வந்தார். ஃபிடாலியா வீட்டு முன்னறையில் எல்லோரும் கூடினோம். ஃபிடாலியா, கிட்போக், நான், வெல்பர்த், மவ்லாயிலிருந்து லசுபோன். குழுவில் மிச்சம் இருப்பது வெல்பர்த் மட்டும்தான். இரண்டு கடைக்குட்டிகள் ஒரே அறையில் இருந்தால் நாற்காலிக்குக்கூட மரியாதை வந்துவிடும். லசுபோன் வாசல் பக்கம் உட்கார்ந்தாள், ஃபிடாலியா அடுக்களைப் பக்கம்.

சிவப்புத் தேநீர் வந்தது, அரிசி அடை வந்தது. சௌவிக் சின்ன ஸ்பீக்கர் இரண்டை மேஜையில் வைத்து ஒவ்வொன்றாகப் போட்டார். வெல்பர்த் தன் டிரம்ஸையே கேட்டுக்கொண்டிருந்தான்.

“எப்பா, இருபத்தாறு வயசுல என்ன வேகம்! யாரு துரத்தினாங்க என்னை?”

“வேகம் இல்ல, தாளம் தப்பி ஓடியிருக்க. டொன்போர் உன்னைப் பிடிக்கத்தான் வேகமா பாடியிருக்கான்” என்றேன்.

“நீங்க ஜீப்பை நேரா ஓட்டின லட்சணம் எனக்குத் தெரியாதா பா ஹென்லி? ரெண்டு தடவை சிம்பல் தட்டு ரோட்டுல உருண்டுச்சு.”

லசுபோனும் சிரித்தாள். அப்புறம் சௌவிக் முதுகை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். “இது கடைசிப் பாட்டு. மொத்தத் தட்டுலயும் இதுதான் பொக்கிஷம். பிப்ரவரி எண்பத்தாறு.”

பிறர் வீட்டு அடுப்பே, என் பெயரைக் கற்றுக்கொள்.

லசுபோன் அதை அன்றுதான் முதலில் கேட்கிறாள். தேநீர்க் குவளையை மடியில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி கேட்டாள். முடிந்ததும் ஒருத்தரையும் பார்க்காமல் பேசினாள்.

“பிப்ரவரின்னா கல்யாணத்துக்கு ரெண்டு மாசம் முந்தி. அப்பவே என் வீட்டு அடுப்பு அவருக்குப் பிறர் வீட்டு அடுப்பா? அவ்வளவு பயந்துகிட்டுதான் வந்தாரா எங்கிட்ட?”

ஃபிடாலியா அரிசி அடைத் தட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்தினாள்.

சௌவிக் பாவம், காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “புத்தகத்துல பேர் போடணும். இதுல தாளம் வாசிச்சது யாரு? வெல்பர்த் சாரா?”

“நானா? நான் அன்னைக்கு இல்லவே இல்லயே. இன்னொரு தடவை போடுங்க.” வெல்பர்த் காதைக் கிட்டே வைத்தான். குரலுக்கும் கிட்டாருக்கும் பின்னால், டொக்… டொக்… டொக் என்று ஒன்று, கொஞ்சமும் பிசகாமல். “யாருன்னு தெரியல. ஆனா என்னைவிட ஒழுங்கா வாசிச்சிருக்கான் படுபாவி.”

“வாளி” என்றான் கிட்போக்.

எல்லோரும் அவனைப் பார்த்தோம்.

“அப்போ கூரை ஒழுகும். அந்த மூலையில நான்தான் தகர வாளியைக் கொண்டாந்து வச்சேன். அது சொட்டுற சத்தம்.”

சௌவிக்குக்கு மனம் கொள்ளாத மகிழ்ச்சி. “ஆமா, ஆமா! மழை பயங்கரமா இருந்துச்சு. ‘ஷ்ஷ்’னு பாட்டு முழுக்க. பாதிதான் எடுக்க முடிஞ்சுது. இங்க பிப்ரவரியில இவ்வளவு மழை பெய்யுமா?”

எங்கள் காதுக்கு மழை ஒரு சத்தமே இல்லை. வருஷத்தில் பாதி நாள் தகரக் கூரைக்கு அடியில் பிறந்து, பேசி, தூங்கி, காதல் செய்து, சண்டை போட்டவர்கள் நாங்கள். மழை பெய்யாவிட்டால்தான் காது அடைக்கும். அதனால்தான் அத்தனை முறை கேட்டும் ஃபிடாலியாவுக்கு அது கேட்கவில்லை. கொல்கத்தாக்காரருக்குக் கேட்டுவிட்டது. பிப்ரவரியில் எங்கள் மலையில் பைன் சருகு தீப்பிடித்து எரியும், குழாயில் காற்று வரும். அன்று மார்ச்சிலும் ஜயாவு முழுக்கக் குடத்தை வரிசையில் வைத்துத் தண்ணீருக்குக் காத்திருந்தார்கள். சன்னல் வழியாகப் பார்த்தாலே தெரிந்தது.

சௌவிக்கின் கேள்வி அப்படியே நின்றது. நான் வாய் திறக்கவில்லை. கடைக்குட்டி பொய் எழுதினாள் என்றால் அது அவளோடு போகாது, குலத்தின் மேல் வரும். அதைவிட, பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கறுப்பு மையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் குவியலில் வைத்தவன் நான்.

லசுபோன் எழுந்து சால்வையைப் போர்த்திக்கொண்டாள். கிட்போக், “வெத்தலை போட்டுட்டுப் போ” என்று தட்டை நீட்டினான்.

“இருக்கட்டும். வீட்டுல வேலை கிடக்கு” என்றாள். எங்கள் ஊரில் வெற்றிலையை மறுத்துவிட்டுப் போனால், மற்றது எதையும் வாயால் சொல்ல வேண்டியதில்லை.

சௌவிக் சனிக்கிழமை கிளம்புவதாகவும் அதற்குள் கையெழுத்து வேண்டும் என்றும் சொல்லிவிட்டு விடுதிக்குப் போனார். வெல்பர்த்தும் போனான். நாங்கள் மூன்று பேரும் அடுக்களையில் உட்கார்ந்தோம்.

“நீங்க எதுக்கு வாளின்னு சொன்னீங்க?” என்று புருஷன் மேல் பாய்ந்தாள் ஃபிடாலியா.

“வாளியை வாளின்னு சொல்லாம தபேலான்னா சொல்லுவாங்க?”

“வாயே திறக்காத மனுஷன், நாப்பத்திரண்டு வருஷத்துல இன்னைக்குத்தான் திறக்கணுமா?”

“எனக்கு என்னடி தெரியும் நீ மாசத்தை மாத்தி எழுதினது? என் நெத்தியில எழுதியிருந்தா தெரிஞ்சிருக்கும்.”

அப்போதுதான் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அந்த ஜூலைச் சனிக்கிழமை, துணிகளுக்கு அடியில் போட்டது, டொன்போரின் சாவுக்குப் பிறகு என் முன்னால் உட்காருவதற்குச் சற்று முன் பேனாவை எடுத்தது. சொல்லி முடித்து என்னைக் கேட்டாள்.

“சொல்லிட்டா பாட்டு போயிடும் இல்ல பா?”

“போயிடும்.”

“நீங்க அன்னைக்கு சொன்ன தீர்ப்பு?”

“கேசட்டுல இருந்ததைப் படிச்சேன். எழுதினவ மாத்தினா நானும் மாத்திக்கிறேன். மையைப் பார்த்துட்டுத்தான் படிச்சேன், அதையும் சொல்லிடறேன்.”

அவள் அடுப்பில் கரியைக் கிளறினாள். கிட்போக்தான் பேசினான். அவன் அன்று பேசியது அவன் ஒரு வருஷத்துக்குப் பேசுகிற அளவு.

“அன்னைக்கு அவன் பாடினப்போ நான் இங்கதான் நின்னு கேட்டேன். உனக்கு அது அழுகைப் பாட்டா தெரிஞ்சுது. எனக்குத் தெரியல. நானும் இதே மாதிரி ஒரு வீட்டுக்கு வந்தவன்தானே. உங்க அம்மா கண்ணை மூடுற வரைக்கும் என்னை ‘அந்தப் பையன்’னுதான் கூப்பிட்டாங்க. நம்ம மூத்தது பிறந்த அன்னைக்கு மட்டும், ‘கிட்போக், வெந்நி போடு’ன்னு பேர் சொன்னாங்க. வேண்டாதவன் அடுப்புகிட்ட அப்படிக் கேக்கமாட்டான் ஃபிடா. இருக்கணும்னு ஆசைப்படறவன்தான் கேப்பான்.”

“அப்போ லசுபோன்…”

“அவ அதைப் பிப்ரவரிப் பாட்டா கேட்டுட்டுப் போயிருக்கா. பயந்தவன் பாட்டா.”

ஃபிடாலியா எனக்குச் சொல்வதுபோல் அடுப்புக்குச் சொன்னாள். “அவன் செத்தப்போ உடம்பை நம்ம குலத்து மண்ணுக்குக் கேட்டோம். அவ ஒரு வார்த்தை பேசாம விட்டுக் குடுத்தா. பிள்ளைங்களைக்கூடச் சண்டை போட விடல.”

மறுநாள் காலை என்னை அழைத்துக்கொண்டு மவ்லாய் கிளம்பினாள். ஜயாவிலிருந்து மவ்லாய், இரண்டு வெற்றிலை மென்று முடிக்கிற நடை தூரம். அவள் ஒன்றுகூடப் போடவில்லை. கேசட்டைக் கைப்பையில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்தாள்.

லசுபோன் வாசலில் முள்ளங்கி கழுவிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, உள்ளே வாருங்கள் என்று தலையசைத்தாள். உட்கார்ந்ததும் ஃபிடாலியா சுற்றி வளைக்கவில்லை. எக்ஸ்சேஞ்சுப் பலகையில் வயரைச் செருகுகிற மாதிரி நேராகச் சொன்னாள்.

“இது பிப்ரவரி இல்ல லசுபோன். ஜூலை. நான்தான் மாத்தி எழுதினேன்.”

“அது நேத்தே தெரிஞ்சுது கோங். வாளி பேசிடுச்சே.” ‘கோங்’ என்று அக்கா முறை வைத்துக் கூப்பிட்டாலும் லசுபோன் குரலில் காரம் இருந்தது. “பதினோரு வருஷம். டெலிபோன் ஆபீஸ்ல அத்தனை வருஷம் வேலை பார்த்து என்ன பிரயோஜனம்? எனக்கு ஒரு லைன் போட்டுச் சொல்லத் தெரியலையே உங்களுக்கு?”

ஃபிடாலியா தலையைக் குனிந்துகொண்டாள். நான், அந்த மையை அன்றே பார்த்தேன் என்று சொன்னேன். லசுபோன் என்னை ஒரு பார்வை பார்த்தாள். “நீங்களுமா பா ஹென்லி? நல்ல குலம்” என்றாள். வாங்கிக்கொண்டேன், வேறென்ன செய்ய.

பிறகு அவளே கேட்டாள். “ஜூலையில எப்போ?”

“ரெண்டாவது சனிக்கிழமை. எனக்கு லீவு அன்னைக்கு.”

லசுபோன் விரலை மடக்கி எண்ணினாள். எண்ணும்போதே முகம் மாறியது. “அப்போ எனக்கு மூணு மாசம். ஒரு வாய் சோறு இறங்காது, எல்லாம் வாந்தி. அவர் சொட்டச் சொட்ட நனைஞ்சு வந்தார். எங்க போனீங்கன்னு கேட்டேன். அம்மா வீட்டுல சாப்பிட்டேன்னார். ‘ஏன், இங்க சோறு இல்லையா?’ன்னு கத்தினேன். நாலு நாள் முகம் குடுத்துப் பேசல. எங்க அம்மாவும் பேசல.” மடக்கிய விரல்களை விரித்தாள். “இந்தப் பாட்டைப் பாடிட்டுத்தான் வந்திருக்கார் மனுஷன். வாயைத் திறந்து சொல்லல.”

“சொல்றவனா இருந்தா பாட்டு எதுக்குக் கட்டறான்” என்றேன்.

“ஆமா. என்கிட்ட மட்டும் பாடல.” சிரித்தாளா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை, முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

ஃபிடாலியா பேனாவை எடுத்தாள். பிப்ரவரியை ஒரு கோடு போட்டு அடித்து, மேலே ஜூலை என்று எழுதி, கேசட்டை லசுபோன் பக்கம் நகர்த்தினாள். “இதுக்கு நீ கையெழுத்துப் போடணும். சௌவிக் சனிக்கிழமை கிளம்பறார்.”

லசுபோன் கேசட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“போடமாட்டேன் கோங்.”

“லசுபோன்…”

“மீதி எல்லாத்துக்கும் போடறேன். எங்கிட்ட இருக்கிற ஒன்பதையும் எடுத்துக்கட்டும். இது தட்டுல வேண்டாம். கொல்கத்தாவுல எவனோ சாப்பிட்டுகிட்டே கேக்கவா? எனக்கே நேத்துத்தான் கிடைச்சுது. நான் முதல்ல கேட்டு முடிக்கிறேன்.”

ஃபிடாலியாவின் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அவள் பயந்தது பாட்டு கை மாறுமே என்றுதான். அது ஒரேயடியாக யார் காதுக்கும் எட்டாமல் போகும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. பொய்யை விட்டு வைத்திருந்தால் அண்ணன் தன் மொழியில் பாடியது ஊர் உலகம் எல்லாம் போயிருக்கும். ஏதோ சொல்ல வந்தாள். பிறகு, “உன் வீட்டுது. உன் இஷ்டம்” என்றாள்.

லசுபோன் வெற்றிலைத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். ஃபிடாலியா எடுத்துப் போட்டுக்கொண்டாள். நானும் போட்டுக்கொண்டேன்.

சௌவிக் அன்று மதியமே மவ்லாய்க்கு ஓடினார். கெஞ்சிப் பார்த்தார். லசுபோன் அவருக்குச் சோறும் பன்றிக் கறியும் போட்டு, கணினியில் இருந்ததையும் தன் கண் முன்னாலேயே அழிக்கச் சொன்னாளாம். அழித்தார். நேர்மையான ஆள் என்பது அதில் தெரிந்தது. வேறொருவர் ஒரு நகலை ஒளித்து வைத்திருப்பார்.

அக்டோபரில் தட்டு வந்தது. அழகாகத்தான் இருக்கிறது. என் ஜீப்பின் படம்கூடப் போட்டிருக்கிறார்கள், முன் விளக்கு ஒன்று இல்லாமல். ‘ஒத்திகைப் பதிவுகள்: ஃபிடாலியா கார்ஸிந்தியூ’ என்று அச்சடித்த பக்கத்தை அவள் எடுத்துவைத்திருக்கிறாள். இரண்டாவது தட்டில் பதினொரு பாட்டு. ஒன்பது ஜயாவுப் பாட்டு, இரண்டு மவ்லாய்ப் பாட்டு. அந்தத் தட்டின் முடிவில், அந்த ஒரு பாட்டு இருந்திருக்க வேண்டிய இடத்தில், முள் கொஞ்ச நேரம் வெறுமனே ஓடுகிறது.

ஃபிடாலியா இப்போது மாதம் ஒரு முறை மவ்லாய் போகிறாள். போய் என்ன செய்கிறார்கள் என்று நான் கேட்பதில்லை. திரும்பி வந்து லசுபோன் கறியில் உப்பு அதிகம் என்று குறை சொல்வாள். அதோடு சரி.

போன வாரம் சௌவிக் எனக்குப் போன் செய்தார். தட்டு எல்லாம் விற்றுப்போய் இரண்டாம் முறை அடிக்கப் போகிறார்களாம். “ஹென்லி சார், நீங்க பெரியவர். குலத்துல உங்க பேச்சைத் தட்டமாட்டாங்க. அந்த ஒரு பாட்டுக்கு நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்றார்.

“சொல்றதுக்கு அது எங்க வீட்டுப் பாட்டு இல்லீங்க தம்பி” என்றேன். “அது அந்த வீட்டுது. மவ்லாய் நம்பர் உங்ககிட்ட இருக்கில்ல? அவங்களைக் கேளுங்க.”